நான்காம் அடி

உப்புத்துறையின் அரசவைக் கவிஞராக வேலம்மை பொறுப்பேற்றபோது, முதல் சீடராக வந்து சேர்ந்தவர் கோடியப்பர். சுங்கச்சாவடியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆசிரியரைவிட வயதில் மிகவும் மூத்தவர். சீடர் "அம்மா" என்பார்; ஆசிரியர் "ஐயா" என்பார். இருவருக்கும் அதில் சங்கடம் இருந்ததில்லை.

கோடியப்பருக்கு ஒரே ஓர் ஆசை. துறைமுகத்தைப் பற்றித் தாம் பாடிய நூலை அரண்மனைக் கவியரங்கில், நிறைந்த சபையின் முன் அரங்கேற்ற வேண்டும்.

சபைதான் நிறைவதாக இல்லை. மாதப் பிறப்பன்று மாலையில் அரங்கம் கூடும். விளக்குக்கு எண்ணெய் விடுகிறவர்களும் வாயிற்காவலர்களும் கேட்டுவிட்டுப் போவார்கள். கோடியப்பர் பழைய அதிகாரத்தைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டார். தெருவுக்குத் தெரு ஆட்கள் வந்தாக வேண்டும் என்று பறையறைவித்தார். வந்தவர்களுக்கு, பாட்டு முடிந்ததும் "ஆகா" சொல்லப் பழக்கினார்.

ஆனி மாதக் கூட்டத்தில் அவர்கள் வரிசையாக உட்கார்ந்து வரிசையாகத் தூங்கினார்கள். நடுவில் அரசர் தும்மினார். தூங்கியவர்கள் திடுக்கிட்டு விழித்து, ஒரே குரலில் "ஆகா" என்றார்கள்.

அரசர் அதை ரசிக்கவில்லை. ஆடிப் பிறப்புக்குள் இந்த ஊருக்குக் கவிதை வேண்டுமென்று தமக்குத் தெரிந்தாக வேண்டும்; இல்லாவிட்டால் கவிஞர் பதவி கிடையாது, அரங்கத்தில் நெல் மூட்டை அடுக்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

"இனி யாரையும் கூப்பிடாதீர்கள், ஐயா" என்றார் வேலம்மை.

"கூப்பிடாமல் எப்படி வருவார்கள்?"

வேலம்மை தாழங்குடையை எடுத்துக்கொண்டு உப்புச் சந்தைக்கு நடந்தார். கோடியப்பர் பின்னாலேயே போனார். சந்தை முகப்பில் ஒரு தண்ணீர்ப் பந்தல். சுமை இறக்கியவர்கள் இளைப்பாறிக்கொண்டிருந்தார்கள். வேலம்மை அங்கே நின்று பாடினார்.

கடலை விட்டு மேகம் வந்தது
கரையில் கொஞ்சம் தயங்கி நின்றது
உப்புக்காரி நிமிர்ந்து பார்த்தாள்

அத்தோடு நின்றுவிட்டார்.

"நாலாவது அடி எங்கம்மா?" என்று கேட்டாள் முத்திருளாயி. உப்பு விற்கிறவள்.

"அதுதான் இல்லை" என்றார் வேலம்மை. ஒரு குவளை தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, வயல் பக்கத்துப் பந்தலுக்குக் கிளம்பினார். அங்கேயும் அதே மூன்று அடிகள்தான். அரைகுறைப் பாட்டோடு அரசவைக் கவிஞர் ஊர் சுற்றுவதை நினைத்துக் கோடியப்பர் மேல்துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

சில நாட்களில் ஊர் இரண்டாகிவிட்டது. 'ஒருவாரம் பொறுத்துவா என்று சொன்னாள்' என்பதுதான் நான்காம் அடி என்றார்கள் உப்பளத்தார். பாத்தியில் உப்பு விளைந்து கிடக்கும்போது வேறு என்ன சொல்வாள்? விதைக்கக் காத்திருந்த வயல்காரர்களுக்குக் கோபம் வந்தது. 'ஒதுங்கி நின்று வழிவிட்டாள்' என்றார்கள். சலவைக்காரர் மாசிலான் மட்டும் இரண்டு பக்கமும் சேராமல், 'ஓடிப்போய்த் துணியை எடுத்தாள்' என்று சாதித்தார். ஒரு கல்யாண வீட்டில் உப்பளத்துச் சம்பந்தியும் வயல் சம்பந்தியும் இதைப் பேசி, பந்தியில் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள்.

ஆடி பிறந்தது. அரசர் அரங்கத்துக்கு வந்தார். கோடியப்பரையும் வேலம்மையையும் தவிர ஓர் ஆள் இல்லை. எண்ணெய் விடுகிறவர்களைக்கூடக் காணவில்லை.

"எங்கே எல்லோரும்?" என்றார் அரசர்.

"சந்தையில், அரசே. நடந்து போகிற தூரம்தான்" என்றார் வேலம்மை.

சந்தையில் கடை போட்டவர்களும் வாங்க வந்தவர்களும் கைநீட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அரசருக்கு வழிவிட்டார்கள். பேச்சைத்தான் விடவில்லை. முத்திருளாயி முன்னால் வந்து கும்பிட்டாள்.

"சாமி எந்தப் பக்கம்? உங்க அடி என்ன?"

அரசர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "உள்ளம் குளிர்ந்து வாழ்த்தி நின்றாள்."

முத்திருளாயிக்கு ஒப்பவில்லை.

"மேகம் என்ன மகாராசாவா சாமி, வாழ்த்தினதும் மயங்கி நிக்க?"

அரசரின் காது மடல்கள் சிவந்தன.

"பொறு. வேறு சொல்கிறேன்" என்றார் அரசர்.

கடைகளில் விளக்கேற்றும்வரை அவர் வேறு வேறு சொல்லிக்கொண்டிருந்தார். வயல்காரர்கள் எதையும் ஏற்கவில்லை. உப்பளத்தார் ஒன்றைப் பாதி ஏற்றார்கள். புறப்படும்போது அரசர், பதவி இருக்கட்டும், அரங்கத்தில் நெல் மூட்டையை அடுக்குங்கள் என்று உத்தரவிட்டுப் போனார்.

திரும்பும் வழியில் கோடியப்பர் அங்கலாய்த்தார்.

"அரங்கம் போய்விட்டதே, அம்மா. என் நூலை எங்கே அரங்கேற்றுவது?"

"சந்தை இருக்கிறதே."

"அங்கே குறுக்கே குறுக்கே பேசுவார்கள்."

"பேசுவார்கள்" என்றார் வேலம்மை.

இன்னும் கொஞ்ச தூரம் நடந்தார்கள். கோடியப்பர் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்கள் தந்திரம் நன்றாகவே பலித்தது. ஊரைத் தவிக்கவிட்டு, விடையைக் கைக்குள் மூடி வைத்திருந்தீர்கள். எனக்காவது சொல்லுங்கள். உண்மையான நான்காம் அடி எது?"

வேலம்மை நின்று அவரைப் பார்த்தார்.

"எனக்கு வரவில்லை, ஐயா. அதனால்தான் ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்தேன். நீங்கள்தான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை."