மாந்தளிர் ஜன்னல்

ஒரு ஊர்ல ஒரு ராணி. ஊஞ்சல்ல நின்னுக்கிட்டே ஆடி, தொபுக்கடீர்னு விழுந்து காலை உடைச்சுக்கிட்டா. வைத்தியர் கட்டுப் போட்டு, "ஒரு வருஷம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது"ன்னுட்டாரு. தோட்டத்தைப் பார்க்காம அவளுக்குச் சோறே இறங்கல. எங்கே, "ம்" சொல்லு. தூங்கிட்டியோன்னு பார்த்தேன்.

அப்போ அவ, கண்ணாடி வேலை செய்யற வடிவாயியைக் கூப்பிட்டு, "வடிவு, நான் தோட்டத்துக்குப் போக முடியாது. ஒரு வருஷத்தையும் எனக்கு ஜன்னல்ல செஞ்சு குடு"ன்னா. வடிவாயிக்குத் தலைகால் புரியல! கலர் கலரா கண்ணாடி வெட்டி, ஈயத்தை உருக்கிச் சேர்த்து, சித்திரைக்குக் கொன்னைப்பூ, ஐப்பசிக்கு மழையும் தும்பியும், மார்கழிக்குப் பூசணிப்பூ மேல பனின்னு வச்சா. ஒரே கொடி ஒரு கண்ணாடியில கிளம்பி, அடுத்ததுக்குள்ள வளைஞ்சு நெளிஞ்சு ஓடுது. கடைசியா பங்குனி மாந்தளிர்தான் பாக்கி. அப்போ அந்த ஓட்டை வழியா ஒரு குரங்கு உள்ளே குதிச்சுது பாரு, சிவப்புக் கண்ணாடி பூரா சலீர்! தூள் தூளாப் போச்சு. வேற கண்ணாடி கப்பல்ல வர மூணு மாசம் ஆகும்.

குரங்கு சும்மா போச்சா? ராஜாவோட தலைப்பாகையையும் தூக்கிட்டு ஓடிடுச்சு. ராஜாவுக்கு வந்துது கோபம். "அரண்மனையில ஓட்டையா? வெள்ளிக்கிழமை காலையில ஜன்னல் முடியலைன்னா, மொத்தத்தையும் செங்கல் வச்சுப் பூசிடுவேன்!" ராணி தேம்பித் தேம்பி அழுதா. "அழாதீங்கம்மா, நான் இருக்கேன்ல"ன்னா வடிவாயி.

மொதல்ல நெஜ மாந்தளிரையே பறிச்சு ஒட்டினா. ஆடு வந்து ரெண்டு கால்ல நின்னு, கறுக் முறுக். போச்சு.

அப்புறம் சாயக் காகிதம் ஒட்டினா. பனி சொட்டுச் சொட்டுன்னு இறங்கி, காத்துல டர்ர்ர். அதுவும் போச்சு.

அப்புறம் சர்க்கரைப் பாகு காய்ச்சி, சிவப்பு கலந்து, தகடா ஊத்தி வச்சா. அடடா, என்னா பளபளப்பு! காலையில பார்த்தா பாதியைக் காணோம். எறும்பா? இல்ல. ஆடா? இல்ல. ராஜாவோட மீசை பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டிருக்கு! "என்ன பார்க்கறே? நாளைக்கு வெள்ளிக்கிழமை"ன்னு மீசையைத் துடைச்சுக்கிட்டே போயிட்டாரு. சிரிக்காதே, தூக்கம் ஓடிப் போயிடும்.

வடிவாயி உட்கார்ந்து அழுதா. தேத்த வந்த அரண்மனைப் பொண்ணுங்க கையில பார்த்தா, செக்கச் செவேல்னு கண்ணாடி வளையல்! "கொடுங்கடி, உடைச்சுக்கறேன்"ன்னா.

"அய்யய்யோ! வளையலை வேணும்னு உடைப்பாங்களா? வாயைக் கழுவு!"

"சரி, உடைக்க வேணாம். கும்மி அடிக்கலாமா?"

"ஓ, அதுக்கென்ன!"

அப்புறம் என்ன? தன்னன்னா தானன்னா, டப்பு டப்புன்னு கும்மி! சுத்திச் சுத்தி அடிக்க, சடக் சடக்னு வளையல் தெறிக்குது. கும்மியில தானா உடைஞ்சா யாரு கேட்பா? ராணியும் கட்டில்ல இருந்தே கை தட்டினா, அவ வளையலும் சடக்! வடிவாயி ஓடி ஓடிப் பொறுக்கினா. வளைஞ்ச துண்டெல்லாம் மாந்தளிரோட வளைவுக்கு அப்படியே பொருந்துது.

வெள்ளிக்கிழமை வெயில் வந்துது. ஜன்னல் சிவப்பு ராணியோட கால் கட்டு மேல விழுந்துது. "ஐயோ வடிவு, என் கால்ல தளிர் விட்டிருக்கு பாரேன்!"

அப்போ ராஜா கொத்தனாரோட வந்துட்டாரு. எட்டி எட்டிப் பார்த்தாரு. அப்புறம், "செங்கல் கொண்டா!"ன்னாரு. ஒண்ணு வச்சாங்க, ரெண்டு வச்சாங்க. "பத்தல, இன்னும் நாலு!"ன்னாரு. வடிவாயிக்கு உசுரே போயிடுச்சு. ஜன்னல் முழுக்கப் பொண்ணுங்க மறைச்சு நின்னாங்களா, ராஜா வேற குள்ளமா... ஆறு செங்கலையும் அடுக்கி, அது மேல ஏறி நின்னு, வாயைப் பொளந்து பார்த்துக்கிட்டே இருந்தாரு.

அவ்வளவுதான் கதை. ராஜா செங்கல்ல இருந்து இறங்கறதுக்குள்ள நீ தூங்கிடணும். மூடு கண்ணை.