மேலநாணலார் மீனுக்குப் போட்ட வழி

“மீனுக்கு வழி விடாத ஊருல…”

அணைக்கட்டுத் திறப்பு விழாவில் பெரியவர் சங்கரமூர்த்தி மைக்கைப் பிடித்து இப்படித்தான் ஆரம்பித்தார். அதற்கப்புறம் அவர் என்ன சொன்னார் என்பது மேலநாணலில் ஒருத்தருக்கும் தெரியாது. ஒலிபெருக்கிக் குழாயைக் கீழநாணலைப் பார்த்துக் கட்டியிருந்தார்கள். நடுப்பேச்சில் காற்றும் அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டது. மீதிப் பேச்சு மொத்தமும் கீழநாணலுக்குப் போய்விட்டது.

“மழை பெய்யாதுன்னு சொன்னாரு” என்பது ஊரில் ஒரு கட்சி. “பொண்டாட்டி தங்கமாட்டான்னு சொன்னாரு” என்பது இன்னொரு கட்சி. பெரியவரிடமே கேட்டிருக்கலாம். பெரிய மனுஷரைத் திருப்பிச் சொல்லச் சொல்வது மரியாதையில்லை என்று, அவர் காலமாகும்வரை பொறுமையாக இருந்துவிட்டார்கள்.

தளவாய் இரண்டாவது கட்சி. அவனுக்குப் பொண்டாட்டி தங்கவில்லை.

அணை வருவதற்கு முன்னால் நாணலாற்றில் புதுவெள்ளம் வந்தால் போதும், கெண்டையும் கெளுத்தியும் தண்ணீரை எதிர்த்து நீந்திக்கொண்டு மேலநாணல்வரை வந்து கோரைப்புல் ஓரத்தில் முட்டையிடும். ஏத்துமீன் என்பார்கள். ஊரே மணக்கும். அணை வந்தபிறகு ஏத்துமீன் கீழநாணலோடு நின்றுபோயிற்று. தளவாயின் பொண்டாட்டி பூலம்மா கீழநாணல்காரி. மீன் வாசத்திலேயே வளர்ந்தவள். கல்யாணமாகி வந்து பருப்பும் புளித்தண்ணியுமாகக் காலம் தள்ளிப் பார்த்தாள். ஒருநாள் அகப்பையைச் சட்டிக்குள் வீசிவிட்டுச் சேலையை உதறிக் கட்டினாள்.

“மீனு என்னைக்கு இந்த அணையத் தாண்டி மேல வருதோ, அன்னைக்கு நானும் வாரேன்” என்றாள். மினிபஸ் ஏறிவிட்டாள்.

போய்க் கூட்டிக்கொண்டு வா என்று தளவாயிடம் சொல்லாத ஆள் கிடையாது.

“மீனு வந்தா வாரேன்னுதானே சொன்னா? நான் வந்தா வாரேன்னா சொன்னா?” என்று கேட்டான் தளவாய்.

அதில் நியாயம் இருப்பதாக எல்லோருக்கும் பட்டது.

“அப்பம் சந்தையில மீனு வாங்கிட்டு வந்து வையி.”

“வரணும்னுதான் சொன்னா. வாங்கிட்டு வரணும்னு சொல்லலையே.”

அதிலும் நியாயம் இருந்தது. தளவாய் தினமும் சாயங்காலம் அணைமேல் உட்கார்ந்து கீழே பார்ப்பான். கீழே மீன்கள் சுவரை முட்டி முட்டித் துள்ளும். தூரத்தில் பூலம்மாவின் அம்மா வீட்டு அடுப்புப் புகை தெரியும். குழம்பு வாசனை மட்டும் எந்தத் தடையும் இல்லாமல் மேலே ஏறி வரும்.

இப்படி இருக்கையில்தான் மெர்லின் மேடம் ஜீப்பில் வந்து இறங்கினார். மீன்களைக் கணக்கெடுக்கிற அதிகாரி. நல்ல மனசுக்காரர். ஊராரைக் கூப்பிட்டு நிதானமாகச் சொன்னார்:

“ஆத்துல மீன் எப்படி மேல போகுமோ அப்படியே நீங்களும் போய்ப் பாருங்க. எது எது தடையா இருக்கோ எல்லாத்தையும் படத்துல குறிங்க. எங்க முட்டையிடுதுன்னும் குறிங்க. முட்டை கிடக்கிற இடத்துக்குக் காவல் வைங்க. படம் கையில வந்தா, அணையில மீன் ஏறிப் போக ஒரு வழி பண்ணச் சொல்லி நான் மேலிடத்துக்கு எழுதறேன்.”

தளவாய் மனசுக்குள் கணக்குப் போட்டான். மீன் ஏறினால் பூலம்மா ஏறுவாள். ஜீப் திரும்புவதற்குள் பஸ் நிறுத்தத்தில் ஊர் கூடிவிட்டது.

கொம்பையா அண்ணாச்சிதான் தலைமை. பேசுவதற்கு முன்னால் வெகுநேரம் சும்மா இருப்பார் என்பதால் அவருக்கு அறிவாளி என்று பெயர்.

“மேடம் என்ன சொன்னாங்க? மீனு போற மாதிரியே போகணும்னாங்க. நாம மனுசங்க. மனுசன் போனா மனுசனுக்குத் தடை எதுன்னுதான் தெரியும். அதனால முதல்ல ஒரு ஆள மீனாக்கணும்.”

“உச்சிமாகாளி இருக்கானே அண்ணாச்சி. எந்நேரமும் வாயப் பொளந்துக்கிட்டுதான் இருப்பான்.”

உச்சிமாகாளிக்குப் பெருமை தாங்கவில்லை. “என்ன மீனு?” என்று மட்டும் கேட்டான்.

“கெண்டை.”

“விரால்னா கொஞ்சம் கெத்தா இருக்கும்.”

“இருக்குற உடம்புக்குக் கெண்டைதாம்ல. பேசாம இறங்கு.”

கீழநாணல் துறையில் கெண்டை இறங்கியது. தளவாய் கரையோரமாகப் படத்தோடு நடந்தான், பின்னாலேயே கொம்பையா. படம் என்றால் அவனுடைய கல்யாண வேட்டி. கரித்துண்டால் ஆற்றை நீளமாக இழுத்து வைத்திருந்தான். கெண்டை எங்கே நின்றாலும் அங்கே தடை என்று குறிக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

கொஞ்ச தூரத்திலேயே கெண்டை நின்றது. கரையில் டீக்கடை. ஒரு டீயும் மெதுவடையும் ஆயிற்று. தளவாய் ‘டீக்கடை: தடை’ என்று எழுதினான். அடுத்து எருமைகள் குளித்துக்கொண்டிருந்தன. தடை. அதற்கடுத்துப் பெண்கள் துறை.

“ஏலே உச்சிமாகாளி, இங்க என்னலே நீச்சல்?” என்று கேட்டாள் ஒரு அக்கா, துவைத்த துணியை ஓங்கிக்கொண்டு.

“நான் உச்சிமாகாளி இல்லக்கா. கெண்டை.”

துணி முதுகில் விழுந்தது. பெரிய தடை. தளவாய் அதை இரண்டுமுறை அழுத்தி எழுதினான்.

மத்தியான வெயிலில் அணைக்கட்டு வந்தது. கெண்டை நிமிர்ந்து பார்த்தது. ஆளுக்குமேல் ஆள் நின்றாலும் எட்டாத சுவர். கெண்டை கரையேறி, ஈரத்துண்டைப் பிழிந்து போட்டுக்கொண்டு, வந்த மினிபஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டது. அணையைச் சுற்றிப் போய் அந்தப் பக்கம் இறங்கி மறுபடி ஆற்றில் குதித்தது. ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை.

தளவாய் வேட்டியைப் பார்த்தான். அணை இருக்கிற இடத்தில் எழுத ஒன்றுமில்லை.

“தடை இல்லையே அண்ணாச்சி?”

கொம்பையா வெகுநேரம் சும்மா இருந்தார். “உட்கார இடம் கிடைச்சுதா?” என்று கெண்டையைக் கேட்டார்.

“சன்னலோரமே கிடைச்சுது.”

“அப்பம் தடை இல்ல. வெறுமனே விடு.”

அடுத்து முட்டை. கோரைப்புல் ஓரமாகச் சவ்வரிசி மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. அது தவளை முட்டை என்பது தவளைகளுக்குத் தெரிந்திருக்கும். இவர்களிடம் வந்து அவை சொல்லவில்லை. காவலுக்கு யாரை வைப்பது என்று பேச்சு வந்தது. நாய்க்குத் தண்ணீர் ஆகாது, கோழிக்கு நீச்சல் தெரியாது. தண்ணீரும் தெரிந்து முட்டையின் அருமையும் தெரிந்தது வாத்துதான் என்று முடிவாகி, ஒரு வாத்தைக் கொண்டுவந்து விட்டார்கள். சாயங்காலம் வந்து பார்த்தால் வாத்து இருந்தது, முட்டை இல்லை.

“போச்சே!” என்று தலையில் கைவைத்தான் தளவாய்.

“பதறாதவே. காவக்காரன் என்ன செய்வான்? வெளிய கிடந்தா களவு போயிரும்னு உள்ள எடுத்து வச்சுக்கிட்டான். இதவிடப் பத்திரமான இடம் உண்டா?” என்றார் கொம்பையா.

வேட்டியில் ஆற்றோரமாக ஒரு வாத்து வரைந்து, ‘முட்டையிடும் இடம் இதற்குள். நடமாடும்’ என்று எழுதினார்கள்.

படம் முடிந்தது. மேடம் வருவதற்குள் மழை முந்திக்கொண்டது. நாணலாற்றில் செம்மண் நிறத்தில் புதுவெள்ளம் இறங்கியது. அணைக்குக் கீழே கெண்டைகள் கூட்டம் கூட்டமாக வந்து சுவரை முட்டின. தளவாய்க்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்த வெள்ளத்தை விட்டால் மீன் வர அடுத்த வருஷம். பூலம்மாவும் அடுத்த வருஷம்.

“அண்ணாச்சி, மீனு ஏறிப் போக வழி பண்ணணும்னு மேடம் சொன்னாங்கள்ல? நாமளே பண்ணிருவோமா?”

“சுவத்துல ஏற மனுசன் எத வைப்பான்?”

“ஏணி.”

“மீனுக்கும் அதே சுவருதானே?”

மூங்கில் வெட்டி, சுவரின் உச்சிக்கு எட்டுகிற மாதிரி ஏணி கட்டினார்கள். கெண்டை குட்டையான மீன் என்பதால் படிகளை நெருக்கமாக வைத்தார்கள். சார்த்தப் போகும்போது உச்சிமாகாளி கைகாட்டி நிறுத்தினான். மீனாக இருந்து பார்த்தவன் என்ற முறையில் அவன் பேச்சுக்கு இப்போது மதிப்பு.

“முட்டையிட்டதும் மீனு திரும்பக் கீழ இறங்கும்லா? ஏறுற மீனும் இறங்குற மீனும் நடுவுல மோதிக்கிட்டா யாரு விலகுவா?”

எல்லோருக்கும் திக்கென்றது. இரண்டாவது ஏணி கட்டினார்கள். அதே மூங்கில், அதே உயரம். குழப்பம் வரக்கூடாதென்று ஏறுகிற ஏணிக்குச் சுண்ணாம்பும் இறங்குகிற ஏணிக்குச் செம்மண்ணும் பூசி, பக்கத்தில் பக்கத்தில் சார்த்தினார்கள். பிறகு அணைமேல் வரிசையாக உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

மீன்கள் ஏணியைச் சுற்றிச் சுற்றி வந்தன. ஒன்றும் ஏறவில்லை.

“கூச்சப்படுது. நாம பாக்குறோம்லா” என்றார் கொம்பையா. எல்லோரும் திரும்பி முதுகு காட்டி உட்கார்ந்தார்கள்.

அந்தக் கோலத்தில்தான் மெர்லின் மேடம் வந்து பார்த்தார். தளவாய் எழுந்து ஓடி வேட்டியை விரித்துப் பிடித்தான். மேடம் டீக்கடையைப் பார்த்தார். வாத்தைப் பார்த்தார். ஆற்றை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விரலால் தேடினார்.

“அணை எங்கங்க?”

“அது தடை இல்ல மேடம். மினிபஸ் இருக்கு.”

மேடம் அணைச்சுவரிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் தோள்கள் குலுங்கின. வேலைப்பாட்டைப் பார்த்து மேடம் உருகிவிட்டதாகக் கொம்பையா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடம் பேனாவை எடுத்து, வேட்டியின் நடுவில் ‘அணை’ என்று தானே எழுதினார். சிமெண்டில் படிப்படியாகச் சரிவு கட்டித் தண்ணீர் விட்டால் மீன் ஏறும் என்றும், வெள்ளம் வடிந்ததும் கட்டச் சொல்லி எழுதுவதாகவும் சொன்னார்.

“இந்த வெள்ளத்துக்கு இல்லையா மேடம்?” என்றான் தளவாய்.

அப்போது கீழே ஏணி கிறீச்சிட்டது.

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பூலம்மா. தலையில் சும்மாடு, அதன்மேல் வாழையிலையால் வாய் கட்டிய மண்சட்டி. பைத்தியங்கள் ரெண்டு நாளாகச் சோறு தண்ணியில்லாமல் அணைமேல் உட்கார்ந்திருப்பதாகக் கீழநாணலில் பேச்சு. அவளுக்கு மனசு கேட்கவில்லை. வெள்ளத்தில் மினிபஸ்ஸும் நின்றுபோயிருந்தது. கரைப் பக்கமாகக் கைக்கு எட்டிய ஏணியில் ஏறிக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி பூலம்மா! அது இறங்குற ஏணி!” என்று கத்தினான் உச்சிமாகாளி.

“ஏறுனா ஏறுற ஏணி. போலே அங்கிட்டு” என்றாள் அவள். ஏறி வந்துவிட்டாள்.

சட்டியை இறக்கி இலையைப் பிரித்தாள். கெண்டைக் குழம்பு. கொம்பையா குனிந்து சட்டிக்குள் பார்த்தார். வெகுநேரம் சும்மா இருந்தார்.

“மீனு அணையத் தாண்டிட்டுது” என்றார்.

தளவாய் பூலம்மாவைப் பார்த்தான். “மீனு மேல வந்தா வாரேன்னு சொன்னே.”

அவள் சட்டியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். “வந்துதானே நிக்கேன்” என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அதோடு விட்டிருக்கலாம். ஊர்க்காரர்களுக்குப் பழைய சந்தேகம் தீரவேண்டியிருந்தது. “நீ கீழநாணல்காரிதானம்மா. ‘மீனுக்கு வழி விடாத ஊருல’ன்னு பெரியவரு ஆரம்பிச்சாரே, மிச்சம் என்ன சொன்னாரு?”

“எனக்கு நல்லா ஞாபகம் இருக்கே. ‘மீனுக்கு வழி விடாத ஊருல… ஏலே, எவம்லே என் செருப்பப் போட்டுட்டுப் போறது?’ன்னாரு. அதோட இறங்கி ஓடிட்டாரு.”

இரண்டு கட்சியும் இதைப் பற்றி யோசிக்கத் தொடங்கின. மேடம் ஒரு துண்டு மீனை வாயில் போட்டுக்கொண்டு, படத்தைச் சுருட்டியபடி, போகிற போக்கில் ஒன்று சொன்னார்: “மேல வர்றது மட்டும் போதாதுங்க. வந்த மீன் எல்லாம் திரும்பக் கீழ போகும். அதுக்கும் வழி வேணும்.”

தளவாய் அதைக் கேட்டான். பூலம்மாவைப் பார்த்தான். செம்மண் பூசிய ஏணியைப் பார்த்தான்.

சுண்ணாம்பு ஏணியை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, இறங்குகிற ஏணியை மட்டும் மேலே இழுத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய், விறகாகத் துண்டு போட்டு, அன்றைக்குக் குழம்பைச் சூடு பண்ணினான்.