தட்டின் அடியில்

தென்காசிக் கோர்ட்டில் குமாஸ்தா வேலை முடிந்து மடத்தில் சேர்ந்தபோது சடையப்பருக்கு வயது அறுபது. குரு மங்கையர்க்கரசி அம்மையார் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

ஒருநாள் காலை சடையப்பர் அம்மையார் முன் வந்து நின்றார்.

“வாசலில் உலகம்மை உட்கார்ந்திருக்கிறாள், அம்மா. மகனைப் பறிகொடுத்தவள். மூன்று நாளைக்கு முன் என் சொற்பொழிவு முடிந்ததும், ‘செத்தவுக போற இடத்தை நீங்க பாத்திருக்கீகளா சாமி?’ என்று அழுதுகொண்டே கேட்டாள்.”

“என்ன சொன்னீர்?”

“பார்த்திருக்கிறேன் என்றேன். பிள்ளை அங்கே சுகமாக இருக்கிறான் என்றும் சொல்லிவிட்டேன்.”

அம்மையார் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

“மூன்று நாளாக அவள் சோறு தொடவில்லை. ‘அப்ப நானும் அங்கயே போறேன்’ என்கிறாள். பொய் என்று சொன்னால் அவளுக்குப் பிடிமானம் ஏது? சொல்லாவிட்டால் உயிரை விட்டுவிடுவாள்.”

அம்மையார் உள்ளே போய் ஒரு பீங்கான் தட்டை எடுத்து வந்தார். மலைத்தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பும்போது மடத்துக்குக் கொடுத்தது. பழுப்பு மையில் ஒரு மூங்கில் கிளை, பாதி விரிந்த விசிறி, நிலாவுக்குக் குறுக்கே பறக்கும் கொக்கு.

“இந்தப் படத்தில் இருப்பது எந்த நாடு?” என்று கேட்டார்.

“ஜப்பான். ஆனால் இதைச் செப்புத்தகட்டில் செதுக்கியவன் ஜப்பானைப் பார்த்ததே இல்லையாம். தகட்டிலிருந்து தாளில் ஒற்றி, தாளிலிருந்து தட்டில் ஒற்றுவார்களாம். துரை சொல்லிச் சிரிப்பார்.”

“அடியில் என்ன எழுதியிருக்கிறது?”

சடையப்பர் தட்டைத் திருப்பிப் படித்தார். “செய்தவன் பெயர். அவன் ஊர். இங்கிலாந்து.”

“ஜப்பான் என்று போடவில்லையா?”

“இல்லை.” பார்க்காததைப் பார்த்ததாகத் தான் சொன்னது அவருக்கு உறைத்தது. “உள்ளதைச் சொன்னால் அந்த இடமே அவளுக்கு இல்லாமல் போய்விடாதா, அம்மா?”

அம்மையார் தட்டை நிமிர்த்தி அவர் கையில் வைத்தார்.

“அடியில் இங்கிலாந்து என்று படித்தீரே. கொக்கு பறந்துபோய்விட்டதா?”

சடையப்பர் வாசலுக்குப் போய் உலகம்மைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“நான் பாக்கலைம்மா,” என்றார். “நீ அழுததைத் தாங்க முடியாம அப்படிச் சொல்லிட்டேன். தென்காசியைத் தாண்டி நான் எங்கயும் போனதில்லை.”

அவள் அவரை வெறித்துப் பார்த்தாள். “அப்ப எம்புள்ள?”

“தெரியாது.”

“உங்களுக்கும் தெரியாதா சாமி?”

“எனக்கும் தெரியாது.”

அவள் வாய்விட்டு அழுதாள். சொற்பொழிவு நாளுக்குப் பிறகு அதுதான் அவளுடைய முதல் அழுகை.

அம்மையார் கஞ்சி கொண்டுவந்து வைத்தார். அது ஆறும்வரை அழுதுவிட்டு, உலகம்மை கிண்ணத்தைக் கையில் எடுத்தாள்.

அவள் குடித்து முடிக்கும்வரை சடையப்பர் எதிரே தரையிலேயே உட்கார்ந்திருந்தார்.