மிசிரத் தைலமும் மூக்கை மூடிய சபையும்

முன்னொரு காலத்தில், கப்பல்கள் வந்து போகும் ஒரு கடற்கரை ராஜ்யத்தை உதயகேசரி என்ற அரசர் ஆண்டுவந்தார். நல்ல மனிதர். ஏரி வெட்டினார், குளம் வெட்டினார், வரியைக் கூட்டவில்லை. ஆனால் ஒரு பொருள்மேல் ஆசை வந்துவிட்டால் அது தனக்கு மட்டுமே சொந்தமாக இருக்க வேண்டும் என்பார். ஒருமுறை பேசும் கிளி ஒன்று அவருக்குப் பிடித்துப்போயிற்று. அதன் பேச்சை வேறு யாரும் கேட்கக் கூடாது என்று பள்ளியறையிலேயே பூட்டி வைத்தார். கடைசியில் அந்தக் கிளிக்குப் பேச்சே மறந்துபோயிற்று.

அவருடைய சபையில் மருதக்கூத்தன் என்று ஒரு விகடகவி இருந்தான். அவன் மனைவி உமையாள், அரண்மனைக்கு வாசனைத் தைலங்கள் காய்ச்சித் தருபவள். அதே சபையில் நரசிங்கப்பர் என்று ஒரு தலைமை அதிகாரியும் இருந்தார். மருதக்கூத்தன் வாய் திறந்து அரசர் சிரிக்கும்போதெல்லாம் நரசிங்கப்பருக்கு வயிறு எரியும்.

ஒரு நாள் மிசிர தேசத்துக் கப்பல் துறைமுகத்துக்கு வந்தது. எகிப்து என்று இப்போது நாம் சொல்லும் தேசம்தான் அது. அந்தக் கப்பலின் வணிகன் ஒரு சின்னக் கல்குப்பியை அரசர் காலடியில் வைத்து வணங்கினான். உள்ளே பொன்னிறத்தில் ஒரு தைலம். அரசர் ஒரு துளி எடுத்து மணிக்கட்டில் தடவினார். தடவிய கையை முகத்தருகே கொண்டுபோனவர், நெடுநேரம் கையை இறக்கவில்லை. மழை பெய்து ஓய்ந்த குளக்கரையில், யாரோ தூரத்தில் தூபம் போட்டது போல இருந்தது அந்த வாசனை.

குப்பியில் இருந்தது சீக்கிரமே தீர்ந்துபோயிற்று. அரசர் உமையாளை அழைத்து, அதேபோல ஒன்று வேண்டும் என்றார். வணிகன் கப்பல் ஏறுமுன், தன் தேசத்தில் பழங்காலத்து மக்கள் தைலம் எடுத்த விதத்தை அவளுக்குச் சொல்லிவிட்டுப் போனான். அங்கே கல்லறைச் சுவர்களில்கூட அந்த வேலை சித்திரமாக இருக்கிறதாம். பூவைத் துணிப்பையில் போட்டு, பையின் இரு முனையிலும் கோல் செருகி, ஆளுக்கொரு பக்கம் நின்று முறுக்கிப் பிழிகிறார்களாம். அந்தச் சாற்றை முருங்கை விதை எண்ணெயில் ஊறவிட வேண்டும். முருங்கை விதை எண்ணெய்க்குத் தனக்கென்று வாசனை கிடையாது. கொடுத்த வாசனையை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும்.

உமையாள் நீலக் குவளை மலர்களைக் கூடை கூடையாகக் கொண்டுவந்தாள். வெள்ளைப்போளம் என்ற வாசனைப் பிசினையும் இலவங்கப்பட்டையையும் இடித்துச் சேர்த்தாள். ஒரு கோலை அவள் பிடித்தாள், மறு கோலை மருதக்கூத்தன் பிடித்தான்.

"நல்லா முறுக்குங்க. சபையில பேச்சை முறுக்குற மாதிரி முறுக்குனா ஒரு சொட்டும் விழாது" என்றாள் உமையாள்.

"என் பேச்சுல விழாத சொட்டா? அரசர் கண்ணுலேருந்தே தண்ணி வருமே."

"அது சிரிச்சு வர்ற தண்ணி. இது காசு பெறும். முறுக்குங்க."

வாரக்கணக்கில் ஊறி, வடிந்து, தைலம் தயாராயிற்று. அரசர் முகர்ந்து பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். "இதுதான். இதேதான்" என்றார்.

நரசிங்கப்பர் காத்திருந்த நேரம் அதுதான். அரசரின் காதருகே குனிந்தார்.

"மகாராஜா, தாங்கள் பூசிக்கொண்டு சபைக்கு வந்தால் வாயிற்காவலன் முதல் சாமரம் வீசுபவள் வரை எல்லோரும் அதை நுகர்கிறார்கள். தங்கள் சிம்மாசனத்தில் கண்டவரும் உட்கார்ந்து எழுந்தது போல இருக்கிறது அடியேனுக்கு."

அரசரின் முகம் மாறியது. அன்று மாலையே முரசு அறைந்தார்கள். 'மிசிரத் தைலத்தின் வாசனையை அரசரைத் தவிர எவரும் நுகரக் கூடாது. நுகர்ந்தவர் மூக்கு அறுக்கப்படும்.'

ஊர் திகைத்துப்போயிற்று. கடைத்தெருவில் தராசு பிடித்த கை பிடித்தபடியே நின்றது. திருட வேண்டாம் என்றால் திருடாமல் இருக்கலாம். நுகர வேண்டாம் என்றால் மூச்சு விடாமல் இருக்க முடியுமா? யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. மறுநாள் முதல் அரசர் வரும் வழியில் ஜனங்கள் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். சாமரம் வீசும் பெண்கள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு வீசினார்கள். அரசி மங்கையர்க்கரசி காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, அந்தப் பக்கமாகத் தள்ளி உட்கார ஆரம்பித்தாள். அரசர் முதலில் இதையெல்லாம் மரியாதை என்றே நினைத்தார்.

இங்கே உமையாளின் பாடு பெரும்பாடாயிற்று. தைலம் அவள் கைகளில் ஊறிப்போயிருந்தது. சீயக்காய் போட்டுத் தேய்த்தாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள், புளி கரைத்து ஊற்றினாள்.

"ஏங்க, தேய்க்கத் தேய்க்க வாசனைதான் கூடுது. நான் செஞ்ச வேலையே என்னைக் காட்டிக் கொடுத்துடும் போலிருக்கே" என்றாள். 

மருதக்கூத்தன் அவள் கைகளைத் தன் தோள்துண்டால் துடைத்தான். துண்டும் மணத்தது. அந்தச் சமயத்தில்தான் அரண்மனைச் சேவகர்கள் வாசலில் வந்து நின்றார்கள். நரசிங்கப்பர் அந்தத் தெரு வழியாகப் பல்லக்கில் போயிருக்கிறார்.

சபை கூடியிருந்தது. நடுவில் கத்தியோடு தண்டனைக்காரன் நின்றான். அவனைப் பார்த்ததும் உமையாள் பின்வாங்கினாள். மருதக்கூத்தன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மகாராஜா, இவர்கள் வீட்டிலிருந்து மிசிரத் தைலத்தின் வாசனை தெருவரை வீசுகிறது. இருவரும் நுகர்ந்திருக்கிறார்கள். ஆணை ஆணைதான்" என்றார் நரசிங்கப்பர்.

அரசர் தொண்டையைச் செருமினார். அவருக்கு மருதக்கூத்தன்மேல் பிரியம் உண்டு. "கூத்தா, நீ நுகரவில்லை என்று சொல்."

"நுகர்ந்தேன், மகாராஜா."

சபை அதிர்ந்துபோயிற்று. உமையாள் அவன் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டாகச் சொன்னவன் முகமாக அது இல்லை.

"என் மனைவியின் கையை நான் பிடிக்காமல் யார் பிடிப்பார்கள்? பிடித்தேன், நுகர்ந்தேன். என் மூக்கு தங்களுடையது. ஆனால் அறுப்பதற்குமுன் ஒரு விண்ணப்பம். அதிகாரியவர்களை ஒரு கேள்வி கேட்க வேண்டும்."

அரசர் தலையசைத்தார். மருதக்கூத்தன் நரசிங்கப்பர் பக்கம் திரும்பினான்.

"ஐயா, எங்கள் வீட்டில் தாழம்பூத் தைலமும் உண்டு, மல்லிகைத் தைலமும் உண்டு. தெருவில் வீசியது மிசிரத் தைலம்தான் என்று தங்களுக்கு எப்படித் தெரிந்தது?"

"இதென்ன கேள்வி? பல்லக்கில் இருந்தபடியே முகர்ந்தேன். தினமும் மகாராஜாவின் பக்கத்தில் நிற்பவனுக்கு அந்த வாசனை தெரியாதா?"

சொல்லி முடித்த பிறகுதான் தாம் சொன்னது அவர் காதில் விழுந்தது. முகம் வெளுத்துப்போயிற்று.  மருதக்கூத்தன் தண்டனைக்காரனிடம் பணிவாகச் சொன்னான்:

"அண்ணே, கத்தியை நன்றாகத் தீட்டி வையுங்கள். வேலை கூடுகிறது."

"இல்லை, இல்லை" என்று நரசிங்கப்பர் தடுமாறினார். "நான் நுகரவில்லை, மகாராஜா. ஊகித்தேன். வெறும் ஊகம்தான்."

"அப்படியானால் சாட்சி இல்லை" என்றான் மருதக்கூத்தன்.

"நீதான் ஒப்புக்கொண்டாயே. அதைவிடச் சாட்சி என்ன வேண்டும்?" என்று சீறினார் அதிகாரி.

"ஒரு வாசனையை நுகர்ந்தேன் என்று ஒப்புக்கொண்டேன். அது மகாராஜாவின் வாசனைதானா என்று எனக்கெப்படித் தெரியும்? அதைத் தெரிந்துகொள்ள இந்த ராஜ்யத்தில் ஒரே ஒரு மூக்குக்குத்தான் அனுமதி உண்டு. மகாராஜா, தாங்களே இறங்கி வந்து என் துண்டை முகர்ந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும்."

விகடகவியின் அழுக்குத் துண்டை அரசர் முகர்வதா? சபையோர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் ஆணையின்படி வேறு வழி இல்லை. அரசர் சிம்மாசனத்திலிருந்து எழுந்தார். படி இறங்கினார். அவர் மேனியில் பூசியிருந்த தைலம் அவரோடு சேர்ந்து இறங்கி வந்தது.

அவர் நடக்க நடக்க, இரு பக்கமும் மந்திரிகள் சட்டென்று மூக்கைப் பொத்தினார்கள். புலவர்கள் பொத்தினார்கள். தளபதி இரு கையாலும் பொத்தினார். தண்டனைக்காரன் கத்தியைக் கீழே போட்டுவிட்டுப் பொத்தினான். நரசிங்கப்பர் சால்வையை முகம் முழுக்கச் சுற்றிக்கொண்டார்.

அரசர் நடுவழியில் நின்றுவிட்டார். இத்தனை நாளும் சிம்மாசனத்தில் இருந்தபடி தூரத்தில் பார்த்தது இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒரு முகமும் முழுதாகத் தெரியவில்லை.

மருதக்கூத்தன் மட்டும் மூக்கைப் பொத்தாமல் நின்றான். தாழ்ந்த குரலில் சொன்னான்:

"மகாராஜா, ஊரில் ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கி நின்று வழிவிடுவது பிணத்துக்குத்தான். உயிரோடு இருக்கும் தங்களுக்கு அதை வாங்கிக் கொடுத்திருக்கிறார் அதிகாரி."

உமையாள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். மூக்கு போவது போய், இப்போது தலையே போய்விடும் என்று நினைத்தாள். மூக்கைப் பொத்தியிருந்தவர்கள் அதிர்ச்சியில் கையை எடுக்கவும் மறந்தார்கள்.

அரசர் அவன்மேல் கோபப்படவில்லை. மெல்லத் திரும்பி அரசியைப் பார்த்தார்.

"தேவி, நீயும் சில நாளாக என்னை விட்டுத் தள்ளி உட்காருகிறாயே. என்மேல் கோபம் என்று நினைத்திருந்தேன்."

"கோபம் இல்லை, பிரபு" என்றாள் அரசி. "மூக்கு வேண்டுமே என்ற பயம்."

அரசர் சபை முழுவதையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஆணை ரத்து" என்றார். "தேவி, இங்கே வா. உமையாள் செய்த தைலம் எப்படி இருக்கிறது என்று நீ சொல்."

அரசி இறங்கி வந்து அவர் தோளருகே நின்றாள். கண்ணை மூடி, நிதானமாக முகர்ந்தாள். சபை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

"தைலம் தெய்வீகமாக இருக்கிறது. ஆனால் தாங்கள் கொஞ்சம் அதிகமாகப் பூசியிருக்கிறீர்கள். தலை வலிக்கிறது" என்றாள்.

அரசரிடம் இப்படி யாரும் பேசிச் சபை கேட்டதில்லை. எல்லோரும் உறைந்து நிற்க, அரசருக்கு முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு குலுங்கியது. பிறகு தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிடித்திருந்த மூச்சையெல்லாம் சபை ஒன்றாக விட்டது. மறுபடி மூச்சை உள்ளே இழுத்தபோதுதான், அந்த வாசனை எப்படிப்பட்டது என்று அத்தனை பேருக்கும் தெரிந்தது.

அரசர் தம் கைக் காப்பைக் கழற்றி உமையாளுக்கு அணிவித்தார். மருதக்கூத்தனுக்குப் பட்டும் பசுக்களும் தந்தார். நரசிங்கப்பரைத் தண்டிக்க வேண்டும் என்று யாரோ சொன்னபோது, "அவர் இன்னும் சால்வையை எடுக்கவில்லை. மூச்சு முட்டுவதற்குள் யாராவது எடுத்துவிடுங்கள்" என்று மட்டும் சொன்னார்.

அந்த வருஷம் முதல் அந்த நாட்டில் கல்யாணம் என்றால் மணமக்களின் மணிக்கட்டில் மிசிரத் தைலம் ஒரு துளி தடவுவது வழக்கமாயிற்று. அரசரும் அரசியும் முன்பு போலவே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, நெடுங்காலம் நன்றாக இருந்தார்கள்.