தென்காற்றை மறைத்த குக்குறுவான்

தெற்கே ஒரு காட்டில், ஓடைக்கரை அத்திமரத்தின் உச்சியில் ஒரு குக்குறுவான் பறவை இருந்தது. பச்சை உடம்பு, நெற்றியில் பொட்டு வைத்தாற்போலச் சிவப்பு. அதனால் அதற்குக் குங்குமம் என்று பெயர். அதன் குஞ்சுகள் சிறகு முளைத்துப் பறந்துபோய்விட்டன. யாரோடும் அதிகம் பேசாது. கூச்சம்.

மரத்தடியில் அடர்ந்த ஒரு புதர். ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி மாதம், வடக்கே இமயமலை அடிவாரத்திலிருந்து ஓர் ஆறுமணிக்குருவி அங்கே வந்து இறங்கும். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் விசில் அடிக்கிற குருவி அது. முதுகு பச்சை, இறக்கை நீலம், வயிற்றடி சிவப்பு என்று உடம்பில் ஒன்பது நிறம். பெயர் நவமணி. குங்குமம் மனம்விட்டுப் பேசுவது அதனிடம் மட்டும்தான்.

சித்திரை பிறந்தது. நவமணி சருகைக் கிளறிக்கொண்டே அண்ணாந்து கேட்டது.

"குங்குமக்கா, தென்காற்று வந்துடுச்சா? அது முதுகில் தள்ளினால்தான் ஊர் போய்ச் சேர முடியும். மழைக்கு முன்னாலே போய்க் கூடு கட்டணும்."

"நீயே மேலே வந்து பாரேன்டி."

"நல்லாச் சொன்னே! என் நிறத்தைப் பார்த்தால் வல்லூறு விருந்துக்கு வந்துடும். புதருக்குள்ளே காற்றும் நுழையாது. உன் வாய்ச்சொல்தான் எனக்குக் காற்று."

ஒரு நாள் விடியலில் உச்சிக்கிளை ஆடியது. தென்காற்று வந்துவிட்டது!

குங்குமம் குனிந்து புதரைப் பார்த்தது. இவளும் போய்விட்டால் ஆறு மாதம் யாரோடு பேசுவது?

"வந்துடுச்சா அக்கா?"

"இல்லடி. இலைகூட அசையலை."

சொல்லி முடித்ததும் கீழே பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுநாள் அதையே சொன்னபோது திருப்பிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் வாலாட்டிக்குருவி ஒன்று உச்சிக்கிளைக்கு வந்தது. அதுவும் வடக்கே போகிற குருவிதான்.

"என்ன குங்குமம், உன் அலங்காரி கிளம்பியாச்சா? நாங்க எல்லாரும் கிளம்பிட்டோம்."

"அவ நேத்தே போயிட்டாளே," என்றது குங்குமம், கீழே கேட்காதபடி.

"சொல்லிக்காமலா போனா? ராங்கிக்காரி!" வாலை ஆட்டிவிட்டு அது பறந்துபோயிற்று.

வெயில் ஏறியது. புதரடி மண் காய்ந்து வெடித்தது. புழுக்கள் ஆழத்துக்குப் போய்விட்டன. நவமணி கொத்திக் கொத்திப் பார்த்துவிட்டு, மண் ஒட்டிய அலகோடு நின்றது. குங்குமம் ஓர் அத்திப்பழத்தைக் கவ்விக்கொண்டு இறங்கியது.

"இதைச் சாப்பிடுடி. தேன் மாதிரி இருக்கும்."

நவமணி மரியாதைக்கு ஒரு வாய் வைத்தது. முகம் கோணியது.

"கோவிச்சுக்காதே அக்கா. உனக்கு இது தேன்தான். எனக்கு உள்ளே இறங்கலை."

ஐந்தாம் நாள் சாயங்காலம், நவமணி குச்சி பொறுக்கிக்கொண்டிருந்தது.

"என்னடி பண்றே?"

"கூடு. இங்கேயே கட்டிடலாம்னு பார்க்கிறேன். காற்று வரலையே, என்ன செய்ய? முட்டையிடற நாள் நெருங்குது அக்கா." நவமணியின் குரல் இறங்கியது. "ஆனா இந்த மண்ணில் என் ஒருத்தி வாய்க்கே புழு இல்லை. குஞ்சு வாயைத் திறந்தால் எதைப் போடுவேன்?"

குங்குமமும் குஞ்சு வளர்த்ததுதான். திறந்த வாய்க்கு முன்னால் வெறும் அலகோடு நிற்பது எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியும்.

"கட்டாதே," என்றது. "காற்று வந்து அஞ்சு நாளாச்சுடி. நான்தான் மறைச்சேன். நீ போயிட்டா எனக்கு யாருமில்லைன்னு..."

நவமணியின் அலகிலிருந்து குச்சி விழுந்தது.

"அஞ்சு நாளா? எவ்வளவு தூரம் போயிருப்பேன், பாவி! நீ சொன்னதை நான் ஒரு தடவைகூடச் சந்தேகப்படலையே."

"திட்டுடி. பறந்துகிட்டே திட்டு. வல்லூறு வந்தா நான் முன்னாலே நிற்கிறேன். மேலே வா."

இரண்டும் உச்சிக்கிளைக்குப் போயின. காற்று நவமணியின் ஒன்பது நிறத்தையும் கலைத்துப்போட்டது. அது ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டது. பிறகு இறக்கையை விரித்தது.

குங்குமமும் கூடவே பறந்தது. தன் மரத்தை விட்டு அவ்வளவு தூரம் அது போனதே இல்லை. ஆற்றங்கரை வந்ததும் மூச்சு வாங்க ஒரு மருதமரத்தில் உட்கார்ந்துவிட்டது.

"இதுக்கு மேலே எனக்கு வழி தெரியாதுடி."

"எனக்குத் தெரியும். எங்கேயும் தங்காமப் பறந்தா மழைக்கு முன்னாலே சேர்ந்துடுவேன். நீ திரும்பு, இருட்டப் போகுது." நவமணி ஆற்றைத் தாண்டப் போனது, ஒரு வட்டம் அடித்துத் திரும்பி வந்தது. "என் கோபம் இன்னும் தீரலை அக்கா. மிச்சத்தை ஐப்பசியில் வந்து திட்டறேன்!"

வானத்தில் அது புள்ளியாகி மறைந்தது.

குங்குமம் வீட்டுக்குத் திரும்பியது. தென்காற்று இப்போது எதிரே நின்று முகத்தில் அறைந்தது. எவ்வளவு இறக்கை அடித்தும் மெல்லத்தான் நகர முடிந்தது. இத்தனை பலமாக அடிக்கிறதே என்று அதற்குச் சந்தோஷமாக இருந்தது.

நீதி: பிரியமானவர்களைப் பொய்யால் பிடித்து வைக்கக் கூடாது, அவர்கள் போக வேண்டிய வேளையில் உண்மையைச் சொல்லி அனுப்புவதே அன்பு.