எருமை சொன்ன முகப்பூச்சு

குளக்கரைப் புதரில் பஞ்சி என்றொரு முயல் இருந்தது. ஒருநாள் அதன் மூக்கோரம் இரண்டு பருக்கள் கிளம்பின. நாலு நாளில் தானாக அடங்கியிருக்கும். சும்மா விட்டால்தானே!

"என்னடி பஞ்சி, மூஞ்சி இப்படி இருக்கு!" என்றது சேற்றில் கிடந்த எருமை கருப்பாயி. "சேராங்கொட்டையை நசுக்கி, எலுமிச்சைச் சாற்றில் குழைச்சுப் பூசு. அப்படியே வெயில்ல உட்காரு. பளபளன்னு ஆயிடும்!"

"எரியாதா அக்கா?"

"எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்! மரத்துல காய்ச்சது கெடுதல் பண்ணுமா? நானே பூசிப் பார்த்திருக்கேன்!"

பஞ்சி பூசியது. எரிந்தது. வேலை செய்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டது. மறுநாள் முகமெல்லாம் கொப்புளம். மூக்கு வீங்கி அடைத்துக்கொண்டது.

முயலுக்கு மூக்குதான் காவல். நரி புதருக்குப் பின்னால் வந்து நின்றும் பஞ்சிக்கு வாடையே தெரியவில்லை!

"ஓடு பஞ்சி, ஓடு!" என்று மேலேயிருந்து மைனா கத்தியது. பஞ்சி தாவியது. வால் மயிர் ஒரு கொத்து நரியின் வாயோடு போயிற்று.

உயிர் பிழைத்த பஞ்சி நேரே குளத்துக்கு ஓடியது. அதற்கு உடம்பெல்லாம் கோபம்.

"ஏ கருப்பாயி! அதை எங்கே பூசிப் பார்த்தே? சொல்லு!"

"கொம்புலதான். எப்படி மின்னுது பாரு!"

"கொம்புலயா! கொம்பும் என் மூக்கும் ஒண்ணா? யோசிக்காம வாய்க்கு வந்ததைச் சொல்லிடுவியா? நான் செத்திருந்தா யார் பதில் சொல்றது?"

"நல்லதுக்குத்தானே சொன்னேன்! கோவிச்சுக்காதே. அது மேல கொஞ்சம் மிளகை அரைச்சு…"

"வாயை மூடு!"

அந்தக் கத்தலில் கரையிலிருந்த தவளைகள் எல்லாம் தண்ணீரில் குதித்தன.

பஞ்சி நல்ல தண்ணீரில் முகத்தைக் கழுவியது. வேறெதையும் பூசவில்லை. வீக்கம் வடிய ரொம்ப நாள் ஆயிற்று. புதரடி வளையை விட்டுத் தூரமாய்ப் போகப் பயந்து, வாசலில் முளைத்த புல்லையே தின்று கிடந்தது. மூக்கோரம் வெந்த இடத்தில் மயிர் முளைக்கவே இல்லை.

பிறகு ஒருநாள், கன்னத்தில் தடிப்போடு ஓர் அணில் கருப்பாயியிடம் யோசனை கேட்க வந்தது. பஞ்சி பாய்ந்து குறுக்கே நின்றது.

"அதுகிட்ட அப்புறம் கேளு! முதல்ல என் மூஞ்சியை நல்லாப் பாரு!"

அணில் பார்த்தது. வந்த வழியே திரும்பி ஓடியது.

இயற்கையானது என்பதற்காகவும், அடுத்தவர் சொன்னார் என்பதற்காகவும் கண்டதை முகத்தில் பூசிக்கொண்டால், அவதிப்படுவது பூசிக்கொண்டவர்தான், சொன்னவர் அல்ல.