இலை நடுவே ஒரு வடை

"அம்மா, நான் ஊருக்குக் கிளம்பறேன்" என்றார் சபாநாயகம்.

ஒரு கையில் பெட்டி. பந்தியில் உட்கார்ந்தவர்கள் வெறும் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாம்பார் வாளி தூக்கவேண்டியவர் அவர்தான்.

விலங்கியல் பேராசிரியராக ஓய்வு பெற்றவர். வீட்டில் மனசு ஒட்டாமல் இந்த ஆசிரமத்துக்கு வந்தார். இங்கும் ஒட்டாவிட்டால் போக வேறு இடமில்லை. அந்தப் பயமும் அவருக்கு இருந்தது.

குரு தவமணியம்மாவுக்கு அவரைவிட வயது குறைவு. பந்தியில் முதல் இலை அம்மாவுடையது.

"என்ன கோபம் ஐயா?"

"துறைத் தலைவரா இருந்தவன்மா நான். என்னைப் போய் வாளி தூக்கச் சொல்றீங்களே! ஒரு செல்லுக்குள்ளகூட ஒரு ஒழுங்கு இருக்கு."

"அப்படியா? எனக்குத் தெரியாதே."

அவ்வளவுதான். பெட்டி தரைக்கு வந்தது. பாடம் என்றால் மனிதருக்குப் பேருந்தும் மறந்துபோகும்.

"இந்த இலையோரம்தான் செல் சவ்வு. எது உள்ளே வரணும், எது வெளியே போகணும்னு பார்த்து விடும். சோறு, சைட்டோபிளாசம். இந்தச் சுண்டல் எல்லாம் மைட்டோகாண்ட்ரியா, சக்தி தர்ற அடுப்பு. பொரியல்ல இருக்கிற கடுகு, ரைபோசோம். புரதம் செய்யும். ஊறுகாய்தான் லைசோசோம். குப்பையைக் கரைக்கும்."

குருவின் இலையில் கைவைக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல், ஓரத்து வடையை எடுத்துச் சோற்றின் நடுவில் வைத்தார்.

"இது உட்கரு. உத்தரவு இங்கேருந்துதான். இது வாளி தூக்காது!"

தவமணியம்மா வடையை எடுத்தார். இரண்டே கடி.

"ஐயய்யோ, உட்கரு!"

"அது இல்லாம எந்த செல்லும் பிழைக்காதா ஐயா?"

"பிழைக்கவே..."

சபாநாயகம் நிறுத்தினார்.

"ஒண்ணு இருக்கு. நம்ம ரத்தச் சிவப்பணு. முதல்ல உட்கரு இருக்கும். முதிர்ந்ததும் தானே அதை வெளியே தள்ளிடும்."

"அடடா, எதுக்காம்?"

"சுமக்க இடம் வேணுமே! மூச்சுக்காத்தை உடம்பு பூரா எடுத்துட்டுப் போய்க் குடுக்கிறதே அதுதான..."

வாய் திறந்தபடி நின்றார். பிறகு அடக்கமாட்டாமல் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"சாம்பார்!" என்று பந்திக் கோடியிலிருந்து ஒரு குரல்.

"இதோ வந்துட்டேன்!" பெட்டியைச் சுவரோரம் தள்ளிவிட்டு வாளியை நோக்கி ஓடினார்.

"ஐயா" என்று குரு கூப்பிட்டார். "வர்றப்ப எனக்கு இன்னொரு உட்கரு!"